ஆர்மீனியா: குறைவாகச் சுற்றி நிறையப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் புதிய பெயரே இல்லை. பெருநாள் விடுமுறை விட்டால் போதும், துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் விமானம் ஏறி மதியச் சாப்பாட்டுக்குப் போய் இறங்கிவிடுகிறார்கள். நான்கு நாள் பேக்கேஜ். அதில் ஏழெட்டு மடாலயம், ஒரு ஏரி, ஒரு ரோப் கார், ஒரு பிராந்தித் தொழிற்சாலை. திரும்பி வந்து போனைத் திறந்தால் எந்தப் படம் எந்த மடாலயம் என்று எடுத்தவருக்கே விளங்காது. எல்லாம் பழுப்புக் கல், எல்லாம் கூம்புக் கோபுரம்.

நாட்டின் பரப்பு 29,743 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குகூட வராது. மக்கள்தொகை சுமார் 30 லட்சம். இவ்வளவு சின்ன நாட்டை நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அங்கே சாலை முழுக்க மலைச்சாலை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். என் கட்சி இதுதான்: மடாலயங்களைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சப்படும் நேரத்தைச் சுவடிக் காப்பகத்துக்கும் சந்தைக்கும் மேசைக்கும் கொடுங்கள். எட்டு நாள் கிடைத்தால் நல்லது. ஆறு நாளுக்குக் குறைவு என்றால் தெற்குப் பக்கம் போகும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 1: திருநாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

வானிலையை மட்டும் பார்த்தால் மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் யெரெவானில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போகும். ஆனால் வெயிலையும் குளிரையும் தாண்டி, திருநாளை ஒட்டிப் போவதுதான் லாபம். தெருவே வந்து பண்பாட்டைக் காட்டிவிடும், கைடு தேவையில்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வர்தவார். ஈஸ்டருக்குப் பதினான்கு வாரம் கழித்து வரும் ஞாயிறு. 2026இல் ஜூலை 12, 2027இல் ஜூலை 4. அன்று காலையிலிருந்து யார் மீதும் யாரும் தண்ணீர் ஊற்றலாம். பால்கனியிலிருந்து வாளி வாளியாகக் கொட்டுவார்கள், குழந்தைகள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அடிப்பார்கள். வெளிநாட்டுக்காரர் என்று சலுகை கிடையாது, கோபப்படுவதும் மரியாதை இல்லை. திருச்சபைக் கணக்கில் இது கிறிஸ்து மறுரூபமான நாள். அதற்கும் முன்னால் அஸ்த்கிக் என்ற நீர், காதல் தெய்வத்தின் விழாவாக இருந்தது என்பார்கள். போனையும் பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்குங்கள், அல்லது நாள் முழுக்க ஓட்டல் அறையிலேயே இருங்கள். நடுவழி இல்லை.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய ஞாயிறு திராட்சைக்கு ஆசி வழங்கும் நாள். அன்றுவரை புதுத் திராட்சையை வாயில் வைக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தேவாலயத்தில் தட்டுத் தட்டாகக் குவித்து, பாதிரியார் மந்திரித்தபின் வந்திருக்கிற எல்லோருக்கும் கொடுப்பார்கள். உங்களுக்கும் ஒரு கொத்து உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் அரேனி கிராமத்தில் ஒயின் விழா. பிப்ரவரி 13 மாலை த்ரன்தெஸ்: தேவாலய முற்றத்தில் தீ மூட்டி, புதுமணத் தம்பதிகள் கைகோத்துத் தாண்டுவார்கள். அதற்குச் சில வாரம் முன்பின்னாக வரும் புனித சர்கிஸ் திருநாளுக்கு முந்தைய இரவில், கல்யாணமாகாத பிள்ளைகள் உப்புக் கரிக்கும் ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் படுப்பார்கள். கனவில் தண்ணீர் கொடுப்பவரே வாழ்க்கைத் துணை.

தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. டிசம்பர் 31 முதல் ஜனவரி 6 வரை. ஆர்மீனியத் திருச்சபை கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. புத்தாண்டில் தொடங்கும் விருந்து அதுவரை ஓயாது. வீட்டுக்கு வீடு மேசை நிரம்பி வழியும், கடைத்தெரு காலியாகக் கிடக்கும். அழைக்க ஒரு வீடு இருந்தால் அதைவிடச் சிறந்த வாரம் இல்லை. இல்லாவிட்டால் சூப்பர்மார்க்கெட் ரொட்டிதான்.

படி 2: விசா, விமானம், பணம்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். ஆர்மீனிய வெளியுறவு அமைச்சகத்தின் இ-விசா தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 21 நாள், 120 நாள் என இரண்டு வகை. வளைகுடா, ஷெங்கன், அமெரிக்கக் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. ஆனால் அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, நண்பர் போன வருடம் போனதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அதே பெயரைப் போலவே இருக்கும் தனியார் விசா தளங்கள் பல மடங்கு கட்டணம் வாங்குகின்றன. முகவரியை இரண்டு முறை பாருங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், ஷார்ஜா, அபுதாபி, தோஹா வழியே மாறிப் போகலாம். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். பணம் டிராம், ஒரு ரூபாய்க்கு நான்கு டிராமுக்குக் கொஞ்சம் மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயை அங்கே மாற்றுவது பாடு, டாலரோ யூரோவோ கொண்டுபோங்கள். நகரத்தில் கார்டு ஓடும், கிராமத்தில் ரொக்கம்தான். டாக்ஸிக்கு யாண்டெக்ஸ், ஜிஜி என்ற இரண்டு செயலிகள். விலை நம்மூர் ஆட்டோ பேரத்தை மறக்கடிக்கும். இளைஞர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், நடுவயதைத் தாண்டியவர்களிடம் ரஷ்ய மொழி எடுபடும்.

படி 3: சென்னைக்காரர்கள் முதலில் பாரிமுனை போங்கள்

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ளே போகும் ஆர்மீனியன் தெருவை, பழைய ஆட்கள் அரண்மனைக்காரத் தெரு என்பார்கள். அங்கே 1772இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. சந்தடிக்கு நடுவில் மரக்கதவைத் தாண்டி உள்ளே போனால் செம்பருத்தியும் அரளியும் போன்ற செடிகொடிகளுக்கிடையே நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்கள் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். வழிபாட்டுக்கு ஆர்மீனிய சபை என்று இன்று சென்னையில் இல்லை. கட்டடத்தை மட்டும் பராமரிக்கிறார்கள்.

ஏன் அங்கிருந்து இங்கே வந்தார்கள்? 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை மொத்தமாகப் பெயர்த்து இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினார். அந்தப் புது ஜுல்ஃபாவிலிருந்து கிளம்பிய பட்டு வணிகர்களும் ரத்தின வணிகர்களும்தான் மதராஸ் வரை வந்தவர்கள். அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் நிற்கும் இடம். பரங்கிமலைக்கு ஏறும் கல்படிகளும் அவர் உபயம். ஹருத்யூன் ஷ்மவோன்யன் என்ற பாதிரியார் 1794இல் மதராஸில் ‘அஸ்தரார்’ என்ற இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அது. யெரெவானில் பிறக்கவில்லை, இஸ்தான்புல்லில் பிறக்கவில்லை, நம் பாரிமுனையில் பிறந்தது. ஷ்மவோன்யனின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. யெரெவானில் வயதான ஒருவரிடம் “மெட்ராஸ்” என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ஊர் அது. அங்கே தொடங்கும் பேச்சு எளிதில் முடியாது.

படி 4: யெரெவானில் இரண்டு முழு நாள்

இறங்கிய மறுநாளே காரைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஓடாதீர்கள். கி.மு. 782இல் உரார்த்து மன்னன் முதலாம் அர்கிஷ்தி எழுப்பிய எரெபுனிக் கோட்டையிலிருந்து தன் வயதை எண்ணும் நகரம் இது. ஆனால் கண்ணில் படும் நகரம் நூறாண்டுப் பழசு: அலெக்சாந்தர் தமன்யன் 1924இல் வரைந்த திட்டம். துஃப் எனும் எரிமலைக் கல்லால் கட்டியதால் மாலை வெயிலில் கட்டடங்கள் ரோஜா நிறத்துக்கு மாறும்.

முதல் நாள் காலை மதெனதாரன் சுவடிக் காப்பகம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைப்பேன். வாசலில் மெஸ்ரோப் மஷ்தோட்ஸ் சிலை, கி.பி. 405இல் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கியவர். அவர் தந்தது 36 எழுத்து, பிறகு இரண்டு சேர்ந்தன. உள்ளே வேதாகமம் மட்டுமில்லை. மருத்துவம், வானியல், கிரேக்க மூலம் தொலைந்துபோய் ஆர்மீனிய மொழிபெயர்ப்பில் மட்டும் பிழைத்த நூல்கள் எல்லாம் உண்டு. முஷ் மடாலயத்துச் சொற்பொழிவுத் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். எடை சுமார் 28 கிலோ. 1915 இனப்படுகொலையில் ஊர் அழிந்தபோது இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியைச் சுமந்து தப்பினார்கள். பிற்பாடு இரண்டு பாதியும் சேர்ந்தன. அதற்குப் பக்கத்திலேயே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டிப் புத்தகமும் இருக்கும். காப்பகம் பொதுவாக ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

மறுநாள் காலை ட்ஸிட்ஸெர்நகபெர்ட். 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் தொடங்கிய இனப்படுகொலையின் நினைவகம். 15 லட்சம் பேர் வரை மாண்டதாக ஆர்மீனியர்கள் கணக்கிடுகிறார்கள். துருக்கி அதை இனப்படுகொலை என்று இன்றும் ஏற்கவில்லை. 1967இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பன்னிரண்டு கற்பலகைகள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்க, நடுவில் அணையா விளக்கு. படியிறங்கும்போதே தலை தானாகக் குனியும்படி படிகளை அமைத்திருக்கிறார்கள். செல்ஃபி வேண்டாம். ஏப்ரல் 24 அன்று நகரமே பூவோடு வரிசையில் நிற்கும். அன்று அங்கே இருக்க நேர்ந்தால் நீங்களும் ஒற்றைப் பூ வாங்கிக்கொண்டு வரிசையில் சேரலாம். இந்த இடத்தைப் பார்க்காமல் போனால், உள்நாட்டில் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் இருக்கும் ஆர்மீனியர்கள் ஏன் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது புரியாது.

மற்ற பொழுதுக்குக் காஸ்கேட் படிக்கட்டு. ஏற முடியாதவர்களுக்கு உள்ளே எஸ்கலேட்டர் ஓடுகிறது. காலை ஏழு எட்டு மணிக்குப் போனால் அராரட் மலை முழுசாகத் தெரியும், பதினொன்றுக்கெல்லாம் புகைமூட்டத்தில் கரைந்துவிடும். 5,137 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் ஆர்மீனியாவின் அரசு முத்திரையில் இருக்கிறது. நிற்பதோ துருக்கி மண்ணில். எல்லை 1993இலிருந்து மூடிக் கிடக்கிறது.

சதுரங்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஹஞ்சியன் தெருவில் உள்ள திக்ரான் பெட்ரோஸ்யன் சதுரங்க இல்லத்தை எட்டிப் பாருங்கள். 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்தவர். இந்த நாட்டில் 2011 முதல் தொடக்கப்பள்ளியில் சதுரங்கம் கட்டாயப் பாடம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் பொதுப் பிரிவில் வெள்ளி வாங்கிக்கொண்டு போனதும் இவர்கள்தான். அந்தக் கதையைச் சொன்னால் ஒரு ஆட்டத்துக்கு எதிரே உட்கார வைத்துவிடுவார்கள். தோற்கத் தயாராகப் போங்கள்.

படி 5: ஒரு மடாலயத்தை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அடுத்த நாள் கார்னி, கேகார்ட். யெரெவானிலிருந்து கார்னி முப்பது கிலோமீட்டருக்குள், அங்கிருந்து கேகார்ட் இன்னும் பத்துக் கிலோமீட்டர். அரை நாளில் முடித்துவிடலாம் என்று டாக்ஸிக்காரர் சொல்வார். முழு நாள் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கார்னியில் இருப்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய கோயில், கி.பி. முதல் நூற்றாண்டு, கிரேக்க-ரோமானியத் தூண் வரிசையோடு. 301இல் திரிதாத் மன்னன் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்றபின் பழைய கோயில்கள் எல்லாம் இடிந்தபோது இது மட்டும் எப்படியோ தப்பியது. 1679 நிலநடுக்கத்தில் விழுந்ததை 1969-75இல் கிடைத்த கற்களை வைத்துத் திரும்ப நிறுத்தினார்கள். வெளிறிய கல் எல்லாம் புதியது. கோயிலைவிட எனக்குப் பிடித்தது கீழே அஸாத் ஆற்றுப் பள்ளத்தாக்கு. குளிர்ந்து உறைந்த எரிமலைக் குழம்பு அறுகோணத் தூண்களாக, மலை உயரத்துக்குத் தொங்கும். கீழே இறங்க வழி இருக்கிறது, செருப்பு போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

கேகார்ட் பாதி கட்டியது, பாதி குடைந்தது. மல்லையில் குடைவரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே உடனே வேலை வந்துவிடும். எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். இதை இங்கே பழகிவிட்டால் மற்ற எல்லா மடாலயத்திலும் உதவும்.

முதலில் வெளியே நிற்கும் சிலுவைக் கற்கள், கச்கார். செதுக்கிய முகம் மேற்கு பார்த்திருக்கும்; வணங்குகிறவர் கிழக்கு பார்ப்பார். சிலுவைக்கு அடியில் வட்டப்பூ, பக்கங்களில் இலைவிடும் கிளைகள், சுற்றிலும் ஊசி நுனி வேலைப்பாடு. பெரும்பாலும் கிறிஸ்துவின் உருவம் இருக்காது. ஒரு கல்லைப் போல் இன்னொன்று இருக்காது என்பதைச் சரிபார்க்க இரண்டை எடுத்துப் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது காவித், தேவாலயத்துக்கு முன்மண்டபம். கூட்டம் நடத்தவும் பிரபுக்களைப் புதைக்கவும் பயன்பட்டது. தரையில் இருக்கும் கல்லறைப் பலகைகளை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். நமக்குக் கால் கூசும். தன்னைத் தாழ்த்திக்கொள்ள அப்படிப் புதைக்கச் சொன்னார்கள் என்பது அவர்கள் விளக்கம். நிமிர்ந்து கூரையைப் பாருங்கள்: நடுவில் ஒளி விழும் துளை, சுற்றிலும் தேன்கூட்டு வேலைப்பாடு. பழைய கிராம வீடுகளில் புகை போக விட்ட கூரைத் துளை கோயிலுக்கு ஏறியதுதான் இது.

உள்ளே படங்களும் சிலைகளும் மிகக் குறைவு. வெற்றுக் கல்லும் மெழுகுவர்த்திக் கரியும்தான். ஒரு குடைவரையில் பாறையிலிருந்தே ஊற்று வருகிறது, எல்லோரும் குடிப்பார்கள். பக்கத்தில் புரோஷ்யன் குடும்பச் சின்னம்: சங்கிலியில் இரண்டு சிங்கம், ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கழுகு. மேல் அறைக்கு ஏறிச் சும்மா ஒரு சுரம் பிடித்துப் பாருங்கள். அந்த அறையின் எதிரொலிக்காகவே பாடகர் குழுக்கள் வந்து பாடுகிறார்கள்.

படி 6: மூன்று வழித்தடம், அதில் இரண்டு

தெற்கு: கோர் விராப், அரேனி, நொரவாங்க், தாதேவ். கோர் விராப்பில், திரிதாத் மன்னனைக் கிறிஸ்தவனாக்கிய புனித கிரிகோர் பதின்மூன்று ஆண்டு அடைபட்டதாகச் சொல்லும் குழி இருக்கிறது. செங்குத்து இரும்பு ஏணியில் இறங்கலாம், மூச்சு முட்டுகிறவர்கள் மேலேயே இருந்து அராரட்டைப் பார்க்கலாம். அரேனி குகையில் ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒயின் ஆலையும், ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய தோல் செருப்பு ஒன்றும் கிடைத்தன. செருப்பு இப்போது யெரெவானில் உள்ள ஆர்மீனிய வரலாற்று அருங்காட்சியகத்தில். நொரவாங்க் சிவந்த பாறைக் கணவாயின் முடிவில், மாலை வெயிலுக்கென்றே வைத்தது போல் நிற்கும். தாதேவுக்கு ஹலிட்ஸோரிலிருந்து 5,752 மீட்டர் நீள ரோப் கார், 2010இல் திறந்தது. யெரெவானிலிருந்து ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் போய்வருகிற டூரை வாங்காதீர்கள். கோரிஸ் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். கண்ணாடிக்கு வெளியே மலை ஓடுவதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

வடக்கு: செவான், திலிஜான், ஹக்பாட், சனாஹின். செவான் ஏரி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில். ஏரிக்கரையின் செவனவாங்க்கில் கூட்டம் மொய்க்கும். நேரம் இருந்தால் தள்ளி இருக்கும் நொராதுஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், நூற்றுக்கணக்கான கச்கார் ஒரே புல்வெளியில். திலிஜான் காட்டு ஊர், ஹகர்ட்ஸின் மடாலயம் மரங்களுக்கு நடுவில். ஹக்பாட்டும் சனாஹினும் தெபெத் பள்ளத்தாக்கில், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. ஜார்ஜியாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் திபிலிசி போகும் வழியில் வைத்துக்கொண்டால் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம். ஜார்ஜியாவுக்கு விசா தனி.

மேற்கு: எட்ச்மியாட்ஸின், கியும்ரி. முதலாவது ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப்பீடம், ஞாயிறு காலை வழிபாட்டுக்குப் போனால் பாடலுக்காகவே நிற்கலாம். கியும்ரிக்கு யெரெவானிலிருந்து ரயில் உண்டு. 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் அந்த வட்டாரத்தில் இருபத்தையாயிரம் பேர் இறந்தார்கள். தப்பிய கருங்கல், செங்கல் நிற வீடுகளோடு பழைய நகரம் மெல்ல எழுந்திருக்கிறது. நாட்டிலேயே நகைச்சுவைக்குப் பெயர்போன ஊரும் இதுதான், அதைச் சுற்றுலா நிறுவனங்கள் விற்கத் தெரியாமல் விட்டுவிட்டன.

எட்டு நாள் என்றால் யெரெவானுக்கு இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று, கார்னிக்கு ஒன்று, தெற்குக்கு இரண்டு, வடக்குக்கு இரண்டு. முதியவர்கள் இருந்தால் தெற்கை எடுத்துவிட்டு மேற்கைப் போடுங்கள். தெற்குச் சாலையில் வோரோதான் கணவாய் 2,300 மீட்டரைத் தாண்டுகிறது, குளிர்காலத்தில் பனி மூடும்.

படி 7: சாப்பாடு

லவாஷ் இல்லாமல் மேசை இல்லை. தரையில் பதித்த தொனிர் அடுப்பில், மாவை மெல்லிசாக விரித்து மெத்தை ஒன்றில் இழுத்துச் சுவரில் அறைவார்கள். ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். காயவைத்து மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, வேண்டியபோது தண்ணீர் தெளித்து எடுப்பார்கள். கார்னி கிராமத்தில் பெண்கள் சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சுடச்சுட ஒன்றில் பாலாடைக்கட்டியும் பச்சைத் தழைகளும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

சைவர்களை நான் பயமுறுத்தமாட்டேன், ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். “அரான்ட்ஸ் ம்சி” என்றால் இறைச்சி இல்லாமல். ஜெங்யாலோவ் ஹாட்ஸ் கிடைக்கும் கடையை முதலில் கண்டுபிடியுங்கள்: பத்துப் பதினைந்து வகைக் கீரையைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துத் தட்டிய ரொட்டி, அஸர்பைஜானுக்குள் இருக்கும் மலைப்பகுதியான கரபாக் பக்கத்துப் பண்டம். 2023இல் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வெளியேறி வந்தபின் யெரெவானில் அதைச் சுடும் கைகள் கூடிவிட்டன. நோன்புக்கால உணவான பசுட்ஸ் தோல்மாவில் பருப்பு, பயறு, கோதுமையை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி ஆறவைத்துத் தருவார்கள். ஸ்பாஸ் என்பது தயிரும் கோதுமையும் சேர்த்த சூடான சூப். தான் என்று கேட்டால் நீர்மோர் வரும், பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டும் குறையும். காரம் எதிலும் கிடையாது. ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துப் போவதில் வெட்கம் வேண்டாம்.

அசைவர்களுக்குக் கொரொவாட்ஸ், கரி அடுப்பில் கம்பியில் சுடும் இறைச்சி. கேட்காமல் விட்டால் பெரும்பாலும் பன்றி வரும்; ஆடு, மாடு வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். ஹலால் உணவகங்கள் குறைவு. 18ஆம் நூற்றாண்டின் நீல மசூதி யெரெவான் மஷ்தோட்ஸ் சாலையிலேயே இருக்கிறது, அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். மருத்துவம் படிக்க வந்த இந்திய மாணவர்களால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஹரிசா என்றால் காரச் சட்னி வரும் என்று நினைக்காதீர்கள், அது கோதுமையும் கோழியும் கரையக் கரைய வேகவைத்த கஞ்சி. குளிர்காலக் காலைகளில் காஷ்: மாட்டுக் காலை இரவு முழுக்க வேகவைத்து, பூண்டும் உலர்ந்த லவாஷும் போட்டு, வோட்காவோடு. நம் ஆட்டுக்கால் பாயாவை விரும்புகிறவர்கள் தைரியமாக உட்காரலாம்.

ஜூன் கடைசி, ஜூலை என்றால் ஆப்ரிகாட். மற்ற நாட்டில் தின்றதை மறந்துவிடுவீர்கள். துதுக் குழலைக் கடைவதும் இந்த மரத்தில்தான்.

படி 8: வீட்டுக்கு அழைத்தால்

அழைப்பார்கள். கார் ஓட்டுநரே அழைப்பார். வெறுங்கையோடு போகாதீர்கள், இனிப்போ பூவோ போதும். பூ என்றால் ஒற்றைப்படையில் எண்ணி வாங்குங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. செருப்பைக் கழற்றியதும் வீட்டுச் செருப்பு தருவார்கள், வெறுங்காலோடு நிற்க விடமாட்டார்கள்.

மேசையில் ஒருவர் தமாதா. அவர் சொல்லித்தான் கோப்பை உயரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு பேச்சு: அமைதிக்கு, பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு, இறந்தவர்களுக்கு. குடிக்காதவர்கள் கொம்போட் பழச்சாற்றைத் தூக்கினாலும் குறையில்லை. பேசாமல் இருப்பதுதான் குறை. உங்கள் முறை வந்தால் அந்த வீட்டுப் பாட்டியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுக் “கெனாட்ஸ்” என்று முடியுங்கள். தட்டு காலியானால் நிரப்புவார்கள், போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கடைசியில் ஜஸ்வே என்ற சிறு பாத்திரத்தில் காய்ச்சிய காபி. குடித்த கோப்பையைக் கவிழ்த்து வைத்து வண்டலில் யாராவது உங்களுக்கு எதிர்காலம் பார்த்துச் சொல்வார்கள்.

குழந்தைக்கு முதல் பல் முளைத்த வீடு என்றால் அக்ரா ஹாதிக் பார்க்கும் பேறு. தலைக்கு மேல் துணி பிடித்து வேகவைத்த கோதுமையைத் தூவி, முன்னால் கத்தரிக்கோல், பேனா, பணம் என்று பரப்பி வைப்பார்கள். எதை எடுக்கிறதோ அதுவே பிள்ளையின் தொழில். கல்யாண வீடு என்றால் மாமியார் வாசலில் மணமக்கள் தோளில் லவாஷைப் போட்டு, தேன் ஊட்டி, தட்டை மிதித்து உடைக்கச் சொல்வதைப் பார்க்கலாம்.

மடாலய முற்றத்தில் ஆடு, சேவலோடு ஒரு குடும்பத்தைப் பார்த்தால் அது மதாக், நேர்த்திக்கடன். உப்பை மந்திரித்து ஊட்டி, அறுத்து, வேகவைத்து அக்கம்பக்கத்துக்குப் பங்கிடுவார்கள். எட்ட நில்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் பெண்கள் தலையில் துணி போடுவது வழக்கம், துப்பட்டா போதும். வெளியே வரும்போது பீடத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வருவார்கள். நம் பாட்டிமார் சன்னிதியில் செய்வதுதான்.

படி 9: கிளம்பும் முன் சில எச்சரிக்கை

அஸர்பைஜானோடு எல்லை மூடியிருக்கிறது. பாகுவையும் யெரெவானையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்கள் திபிலிசி போன்ற மூன்றாவது ஊர் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு நாட்டிலும் மற்ற நாட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. கிழக்கு எல்லையோரக் குறுக்குச் சாலைகளில் கூகுள் மேப்பை நம்பி நுழையாதீர்கள். கண்ணிவெடி மிச்சமிருக்கும் பகுதிகள் உண்டு. கோர் விராப் துருக்கி எல்லையை ஒட்டியது என்பதால் ட்ரோனைப் பையிலேயே வைத்திருங்கள்.

வாங்குவதற்கு யெரெவான் வெர்னிசாஜ் சந்தை, சனி ஞாயிறில் நிறையக் கடை: வெள்ளி, மாதுளை வடிவப் பீங்கான், சதுரங்கப் பலகை, கம்பளம். பழைய கம்பளம் என்றால் நாட்டைவிட்டு எடுத்துப் போக அனுமதிச் சான்று தேவைப்படும்; அதை எப்படி வாங்குவது என்று விற்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தின்பதற்குக் கும் சந்தையில் சுஜுக்: அக்ரூட்டை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்தது. அதே பெயரில் மசாலா இறைச்சியும் உண்டு. சைவர்கள் வாங்கும் முன் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.